வெள்ளிமலை வாழை

கள்ளக்குறிச்சிச் சீமையில் எங்கள் ஊர்ப்பக்கம் வாழை என்பது யாரும் யோசித்து வளர்க்கும் பயிர் அன்று. கிணற்றடியில் குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் ஓடிப்போய்ச் சேருகிற மூலையில் ஒரு கன்றை ஊன்றிவிட்டால், பிறகு அதை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்காவிட்டாலும், ஆண்டு திரும்புவதற்குள் அது தார் தள்ளி, இலையை விருந்துக்கும், பூவையும் தண்டையும் சமையலுக்கும், நாரைப் பூக்கட்டுவதற்கும் கொடுத்து, தனக்குப் பின் குடும்பத்தை நடத்த நாலைந்து கன்றுகளையும் வைத்துவிட்டுப் போகும். நெல்லுக்கும் கரும்புக்கும் காட்டுகிற கவனத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எங்கள் ஊரில் வாழைக்கு யாரும் காட்டியதில்லை. ஆகையால், என் தமக்கையாரின் கணவராகிய மாமா கல்வராயன் மலைமேல் வாழை பயிரிடப் போவதாகச் சொன்னபோது, அதை ஒரு முயற்சி என்று கருதுவதற்கே எங்களுக்குத் தோன்றவில்லை.

அவருக்கு அம்மலையிலுள்ள வெள்ளிமலை என்னும் ஊர்ப் பக்கத்தில் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் ஆசிரியர் உத்தியோகம் கிடைத்திருந்தது. ஜாகீர் ஆட்சி 1976-இல் முடிந்து, அந்த மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. சடையக் கவுண்டன் ஜாகீர், குறும்பக் கவுண்டன் ஜாகீர், அரியக் கவுண்டன் ஜாகீர் என்று மூன்றாகப் பிரிந்து கிடந்த மலையில், எந்த ஊர் எந்த ஜாகீரைச் சேர்ந்தது என்பதை அங்குள்ள முதியவர்கள் அப்போதும் மறவாமல் சொல்லுவார்கள். கீழ்நாட்டிலிருந்து மலைக்கு உத்தியோகம் பார்க்கப் போகிறவர்களைப் பற்றி எங்கள் ஊரில் நிலவிய அபிப்பிராயம், தண்டனையாக மாற்றப்பட்டவர்கள் என்பதுதான். என் மாமாவோ விரும்பியே போனார். அப்படி விரும்பிப் போகிறவர் கல்யாணமான புதிதில் இருக்கிறாரே என்பது பற்றி என் தாயாருக்கு மட்டும் கடைசி வரையில் ஒரு மனத்தாங்கல் இருந்தது.

பள்ளி விடுமுறைகளில் நான் தமக்கையார் வீட்டுக்குப் போவேன். கச்சிராயபாளையம் வரையில் பேருந்து. அங்கிருந்து கோமுகி அணையைப் பக்கத்தில் விட்டு, ஜீப் கிடைத்தால் ஜீப்பிலும், கிடைக்காவிட்டால் கால்நடையாகவும் மலையேற வேண்டும். அணையின் பக்கத்தில் கரும்புத் தோட்டங்களும் வாழைத் தோட்டங்களும் செழித்து நிற்கும்; வளைவுகளில் ஏறி ஏறிக் கரியாலூரை அடையும்போது காற்றின் குணமே மாறிவிடும். சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி உயரம்; பெரிய கல்வராயன் 4,000 அடியை ஒட்டியது. உதகமண்டலத்தையும் கொடைக்கானலையும் கண்டவர்கள் இதையெல்லாம் குளிர் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இங்கே புல் நுனியில் நீர் உறைவதில்லை. மேல்சட்டைக்கு மேல் ஒரு சால்வை இருந்தால் மார்கழியைக் கழித்துவிடலாம். ஆனால் மனிதனுக்குப் போதுமான சால்வை வாழைக்குப் போதாது என்பதை அங்கே போன பிறகுதான் கண்டுகொண்டேன்.

மாமா முதலில் கொண்டுபோனவை கச்சிராயபாளையத்துத் தோட்டம் ஒன்றில் பொறுக்கி எடுத்த ரொபஸ்டாக் கன்றுகள். ஈட்டி போன்ற குறுகிய இலையுள்ள கன்றுகளாகப் பார்த்து, வேரைச் சீவி, கிழங்கைச் சாணிக்கரைசலில் தோய்த்து, ஒன்றரை அடிக் குழியில் தொழுவுரம் போட்டு, ஆவணி மாதத்தில் முறைப்படி நட்டார். அவர் தேர்ந்த இடம் ஆசிரியர் குடியிருப்புக்குக் கீழே, ஓடைக்கரையை அடுத்த தாழ்ந்த நிலம். அதைவிடப் பொருத்தமான இடத்தை யாரும் தேர்ந்திருக்க முடியாது என்றே கீழ்நாட்டுக்காரன் எவனும் சொல்லுவான்: பக்கத்திலே நீர், காலடியிலே வண்டல், காற்றுக்கு மறைவாக இருபுறமும் மேடு. ஐப்பசி மழையில் அவை நன்றாகவே வளர்ந்தன. கார்த்திகை கழிந்ததும் வந்தது வினை.

அந்த மார்கழியில் நான் கண்டதைச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். வெயில் காலத்தில் வாரத்துக்கொன்றாகவோ பத்து நாளைக்கொன்றாகவோ வர வேண்டிய குருத்து, சுருண்டபடியே பல நாள் அசையாமல் நின்றது. விரிந்த இலைகளும் நீளமும் அகலமும் குன்றி, ஓரங்கள் மஞ்சளித்து, விளிம்பில் பழுப்பேறிக் கிடந்தன. இலைக்காம்புகள் நீண்டு வெளியே சாயாமல் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, உச்சியில் விசிறி மடக்கியதுபோல் கொத்தாக நின்றன. காலையில் இலைமீது பனி வழியும். பத்து மணிக்கு வெயில் பள்ளத்துக்குள் இறங்கும் வரையில் அந்த நீர் காயாது. தமக்கையார் தோசை பரிமாற இலை நறுக்கப் போனவர், ஓர் இலையில் ஒரு தோசைதான் கொள்ளும் என்று திரும்பி வந்துவிட்டார்.

வாழையின் சுபாவம் அப்படி. நாம் மரம் என்று சொல்லுவது ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய இலையடிகளின் உறைகளையே; உயிர் கிழங்கின் தலையில், ஏறக்குறைய மண்மட்டத்தில் இருக்கிறது. உஷ்ணம் 26, 27 பாகையில் இருக்கும்போது மிகவும் தழைத்து வளரும் இச்செடி, 16 பாகைக்குக் கீழே போனால் புதிய இலை விடுவதை ஏறக்குறைய நிறுத்திவிடும். செத்துப் போவதில்லை, நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். பகலில் வெயில் ஏறினதும் மீண்டும் நகரும். இரவில் மறுபடி நிற்கும். இப்படி நின்று நின்று நகர்வதால், கீழ்நாட்டில் எட்டொன்பது மாதத்தில் பூக்கவேண்டிய மாமாவின் வாழை அடுத்த வைகாசியில் பூக்கவில்லை. வெயிலில் தேறி, மழையில் தழைத்து, மறுபடி மார்கழி தொடங்குகிற தருணத்தில்தான் பூப்பதற்குத் தயாராயிற்று. அதைவிடக் கெட்ட முகூர்த்தம் அதற்கு வேறில்லை.

பூங்காம்பு கிழங்கிலிருந்து கிளம்பி உறைகளின் நடுவே உள்ள குழல் வழியாக மேலேறி வரவேண்டும். உச்சியில் இலைக்காம்புகள் குளிரில் நெருங்கி இறுகியிருந்ததால் தார் வெளிவர வழியில்லாமல் கழுத்தில் அடைபட்டுவிட்டது. சில நாளில் தண்டின் ஒரு புறம் புடைத்தது. பிறகு உறை நீளவாக்கில் கிழிந்து, அந்தப் பிளவின் வழியாக ஊதா நிற மடல் ஒன்று வெளியே பார்த்தது. மாமா பேனாக்கத்தியால் உறைகளை ஒவ்வொன்றாகக் கீறி வழி செய்துகொடுக்க முயன்றார். வெளிவந்த தாரில் மேல் சீப்பு இரண்டும் உள்ளேயே நசுங்கியிருந்தன. மற்றவற்றின் காய்கள் திசைக்கொன்றாக வளைந்து, சுண்டுவிரல் பருமனுக்கு மேல் ஏறவேயில்லை. வாழைப்பூவைத் தமக்கையார் பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தார். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட பாட்டுக்கு அன்று கிடைத்த பலன் அதுதான் என்றாலும், கூட்டு நன்றாகவே இருந்தது.

அந்தக் கிழிந்த வாழையைப் பார்க்க அக்கம்பக்கத்து மலையாளிக் கவுண்டர்கள் சிலர் வந்தார்கள். மலையாளி என்றால் கேரளத்தை நினைக்க வேண்டாம். மலையை ஆளுகிறவர்கள் என்ற பொருளிலே தம்மை அழைத்துக்கொள்ளும் இவர்கள், காஞ்சிபுரத்திலிருந்து வந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூன்று சகோதரர்களின் வழியில் தோன்றியவர்கள் என்பது அவர்களுடைய பூர்வீகக் கதை. சாமையும் தினையும் விதைத்து, கடுக்காயும் தேனும் புளியும் கீழே அனுப்பி வாழ்கிறவர்கள். வந்தவர்களில் ஒரு முதியவர் வாழையைப் பார்க்கவில்லை. பள்ளத்தைச் சுற்றி ஒரு முறை பார்த்தார்.

“பள்ளத்துல வெச்சிருக்கீங்களே வாத்தியாரே. ராத்திரியில மேட்டுக் குளிரெல்லாம் தண்ணி மாதிரி எறங்கி வந்து இங்கதான் தேங்கும்.”

“மேட்டுலதானே பெரியவரே குளிர் அதிகம்?”

“மலை உச்சியில அதிகம். நடுமேட்டுல இல்ல. வந்து பாருங்க.”

மாமா சந்தேகப் பிராணி. பள்ளியில் இருந்த உஷ்ணமானியை எடுத்துக்கொண்டு விடியுமுன்னரே என்னையும் எழுப்பி இழுத்துக்கொண்டு போனார். ஓடைக்கரையில் பாதரசம் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, இருட்டில் கல்லும் முள்ளும் தடுக்கச் சரிவில் ஏறி, பெரியவரின் குடிசையருகே மறுபடி பார்த்தபோது, மூன்று பாகை கூடுதலாகக் காட்டியது. அவர் அதை நம்பாமல் உஷ்ணமானியை உதறிவிட்டு இன்னொரு தரம் பார்த்தார். மூன்றே பாகைதான். பதின்மூன்றுக்கும் பதினாறுக்கும் இடையிலுள்ள அந்த மூன்று பாகையில்தான் வாழையின் வளர்ச்சியும் தேக்கமும் அடங்கியிருக்கின்றன என்பது, கீழ்நாட்டில் முப்பது பாகையில் வாழும் நமக்கு எளிதில் விளங்குவதில்லை. இரவில் நிலம் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக் குளிர்கிறபோது, அதைத் தொட்ட காற்றும் குளிர்ந்து, கனம் கூடிச் சரிவில் வழிந்து பள்ளத்தில் சேர்கிறது. நடுச்சரிவில் ஒப்புநோக்க வெதுவெதுப்பான ஒரு படலம் நிற்கிறது. மாமா இதைப் பின்பு புத்தகத்தில் படித்து எனக்கு விளக்கினார். பெரியவருக்குப் புத்தகம் வேண்டியிருக்கவில்லை.

விடிந்ததும் அவருடைய வாழைகளைப் பார்த்தோம். அதைத் தோட்டம் என்று சொல்ல முடியாது. ஆளுயரப் பாறைகள் இரண்டு சாய்ந்து நிற்கும் இடுக்கில், ஒரு பழைய பலாமரத்தின் கிளைவீச்சுக்குள், தாயும் கன்றும் பேரனுமாக ஒரு புதர். கிழக்கு பார்த்த சரிவு. சூரியன் எழுந்த உடனே முதல் கதிர் அதன்மேல்தான் விழுந்தது. பகலெல்லாம் வெயில் குடித்த பாறை இரவில் அதை விட்டுக்கொண்டிருக்கிறது என்பதை, கையை வைத்துப் பார்த்தாலே அறியலாம். அந்த விடியற்காலையிலும் பாறையின் உட்புறம் கைக்குச் சில்லென்று இல்லை. பலாமரத்தின் தழை, நிலத்தின் சூடு மேலே போகாமல் ஒரு கூரைபோல் காத்தது. நீர்? மழையோடு சரி, பாறை இடுக்கில் இலைதழை மக்கிச் சேர்ந்த மண்ணில் ஈரம் எப்போதும் உண்டு என்றார். அந்தப் புதர் எப்போது வைத்தது என்று கேட்டதற்கு, தம் பாட்டனார் காலத்திலும் அங்கே வாழை இருந்ததாகச் சொன்னார். என்ன ரகம் என்று மாமா கேட்டதை அவர் ஒரு கேள்வியாகவே மதிக்கவில்லை.

நடும் காலத்தைப் பற்றியும் அவருக்குத் தெளிவான கொள்கை இருந்தது. சித்திரை மழை விழுந்ததும் வைத்துவிட வேண்டும். முதல் குளிரை வாழை இலையோடு கழிக்கட்டும். அடுத்த வெயிலில் தார் தள்ளட்டும். இரண்டாவது குளிர் வருமுன் வெட்டிவிட வேண்டும். “குளிரு காலத்துல பிள்ளை பெறக்கூடாது” என்று அவர் அதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். பழனி மலைச் சரிவுகளில் விருப்பாச்சி வாழையை நடுகிற பருவமும் சித்திரை, வைகாசியை ஒட்டியதே என்பதைப் பிற்காலத்தில் அறிந்தபோது, ஒருவரையொருவர் காணாத இரண்டு மலைக்காரர்கள் ஒரே முடிவுக்கு வந்திருப்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வாழையே இருவருக்கும் பாடம் சொல்லியிருக்கிறது போலும்.

விருப்பாச்சியும் சிறுமலை வாழையும் தமிழ்நாட்டு மலைவாழைகளில் பெயர் பெற்றவை. காப்பித் தோட்டங்களின் நடுவே, நிழல் மரங்களுக்குக் கீழே, எத்தனையோ தலைமுறைகளாக வளர்ந்து, பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பழம் கொடுத்துவந்தவை. நீர்ச்சத்துக் குறைந்த அந்தப் பழம் சேர்வதால்தான் பஞ்சாமிர்தம் கெடாமல் நிற்கிறது என்பார்கள். பஞ்சாமிர்தம் 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றது. மாமாவுக்கு அந்த மலைகளிலிருந்து கன்று வரவழைக்க மிகுந்த ஆசை. அவருக்குப் பழக்கமான விவசாய இலாகா நண்பர் ஒருவர் தடுத்துவிட்டார். அசுவினிப் பூச்சியால் பரவும் முடிக்கொத்து நோய் அந்த மலைகளின் வாழைகளைப் பெரும்பாலும் அழித்துவிட்டிருந்தது. நோய் கன்றிலேயே ஒளிந்துகொண்டு வரும். ஒரு கன்றின் ஆசைக்காக ஒரு மலையையே பணயம் வைக்கலாமா என்று அவர் கேட்டது நியாயம். ஆகவே பெரியவரின் புதரிலிருந்தே கன்றுகள் வாங்கி, அவர் சொன்ன சித்திரையில், குடியிருப்புக்கு மேற்புறம் பாறையோரமாக மாமா நட்டார். விலை பேசியபோது பெரியவர் காசு வாங்க மறுத்து, பள்ளியில் படிக்கும் தம் பேரனுக்கு ஒரு சிலேட்டுப் பலகை கேட்டு வாங்கிக்கொண்டார்.

குளிர் நாட்டிலே வாழை வளர்த்தவர்களின் கதைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாறை இடுக்கு ஞாபகம் வருவதுண்டு. இங்கிலாந்தில் சாட்ஸ்வொர்த் மாளிகையின் தோட்டத் தலைவர் ஜோசப் பாக்ஸ்டன், 1830-களில், மொரீஷியஸ் வழியாக வந்த ஒரு குள்ள வாழையைக் கண்ணாடி வீட்டில் வைத்து, அடுப்பு மூட்டி, வெப்பம் குறையாமல் பார்த்துப் பழுக்கச் செய்தார். எஜமானரான டெவன்ஷையர் பிரபுவின் குடும்பப் பெயர் கேவண்டிஷ் என்பதால் வாழைக்கும் அந்தப் பெயரே ஆயிற்று. கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடைகளில் இன்று தொங்கும் பச்சை வாழைத்தார்கள் அந்த வம்சத்தைச் சேர்ந்தவை. மாமா பள்ளத்தில் நட்டுத் தோற்ற ரொபஸ்டாவும் அதுதான். பிரபு அதற்கு எரித்த நிலக்கரியை எங்கள் மாமா எரிக்கவில்லை. ஐஸ்லாந்திலோ பூமிக்குள்ளிருந்து வரும் வெந்நீரைக் குழாய்களில் ஓடவிட்டுக் கண்ணாடி வீட்டில் வாழை வளர்க்கிறார்கள். இவையெல்லாம் செடி இருக்கும் இடத்துக்குச் சூட்டைக் கொண்டுவருகிற வித்தைகள். மலைக்காரருடையது சூடு இருக்கும் இடத்துக்குச் செடியைக் கொண்டுபோகிற வித்தை. இரண்டில் எது கெட்டிக்காரத்தனம் என்பதில் எனக்கு ஒருபோதும் ஐயம் இருந்ததில்லை.

தமக்கையாரின் மகன் இப்போது கனடாவில் டொராண்டோவில் இருக்கிறான். வெள்ளிமலையில் நடை பழகிய பிள்ளை. அவனும் வீட்டுக் கொல்லையில் வாழை வைத்திருக்கிறான். நம் வாழை அன்று, சீனத்திலிருந்து ஜப்பானுக்குப் போய், ஜப்பானிய வாழை என்றே பெயர் பெற்றுவிட்ட, குளிர் தாங்கும் இனம். தன் குடிசை வாசலில் நின்ற வாழையின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்ட ஜப்பானியக் கவி பாஷோ நேசித்தது இந்த இனத்தைத்தான். முதல் உறைபனியில் இலையெல்லாம் வெந்ததுபோல் கறுத்துத் தொங்கிவிடும். தண்டை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, கிழங்கின்மேல் வைக்கோலையும் சருகையும் குவித்து மூடிவிட்டால், மேலே பனி குவிந்தாலும் கிழங்கு பிழைத்து, வசந்தத்தில் மறுபடி குருத்து விடுகிறது. சாப்பிடத்தக்க பழம் அதில் கிடையாது. கோடையில் விருந்து என்றால் நான்கு நுனியிலை கிடைக்கும். அதற்காகவே அக்கம்பக்கத்துத் தமிழர்கள் அவனிடம் சிநேகம் பாராட்டுகிறார்கள் என்று சொல்லிச் சிரிக்கிறான். பொங்கலோ தை மாதத்தில் வருகிறது. அப்போது வாழை வைக்கோலுக்கு அடியில் உறங்கும். அன்று கடையில் வாங்கிய இலைதான்.

பாறையோரம் நட்ட வாழைக்கு வருகிறேன். முதல் குளிரில் அதுவும் தயங்கியது. ஆனால் இலை நெருங்கி இறுகவில்லை. மறுவருஷம் வைகாசியில், பெரியவர் சொன்னபடியே, உச்சியிலிருந்து தார் சிரமமின்றி வெளியே வந்து, காம்பு வளைந்து கீழே தொங்கிற்று. காய் முற்றுவதற்கு மலையில் நாலைந்து மாதம் செல்லும். ஆனி பிறந்ததும் மாமாவுக்குக் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்கு மாறுதல் உத்தரவு வந்துவிட்டது. ஆசிரியர்களை மாற்றுகிற பருவமும் வாழை பழுக்கிற பருவமும் ஒத்துப்போக வேண்டும் என்று சர்க்காருக்கு விதி ஒன்றும் இல்லையே. தாருக்குக் கவையுள்ள கழி ஒன்றை முட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு பக்கக் கன்றை மட்டும் தோண்டிச் சாக்கில் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். புரட்டாசியில், அவருக்குப் பதிலாக வந்த ஆசிரியர் கீழே வந்த ஒருவரிடம், தார் ஒன்பது சீப்பு என்றும், பழம் தேனாக இருந்தது என்றும், மிகுந்த வந்தனங்கள் என்றும் சொல்லியனுப்பினார். தமக்கையாரின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்.

கொண்டுவந்த கன்றைக் கிணற்றடியில் வைத்தோம். அது கீழ்நாட்டு வெயிலையும் நீரையும் கண்டதும் ஆனந்தக் கூத்தாடிவிட்டது. மலையில் ஓராண்டு தாண்டிப் பூத்தது இங்கே எட்டாம் மாதத்திலேயே தார் தள்ளியது. தண்டு பருமன், இலை விரிவு, தாரின் கனம் எல்லாமே மலையில் கண்டதற்கு மேல். ஆனால் பழத்தை உரித்து வாயில் போட்டபோது, மலையில் பெரியவர் வீட்டில் தின்ற பழத்தின் இறுக்கமும், இனிப்போடு இழைந்த அந்த இலேசான புளிப்பும் மணமும் இருந்த இடம் தெரியவில்லை. வெறும் நீரும் சர்க்கரையும். மலைவாழையைச் சமவெளியில் வைத்தால் ருசி போய்விடும் என்று விருப்பாச்சிப் பக்கத்திலும் சொல்லுவார்கள். மாமா இரண்டு போகம் வரையில் மண்ணை மாற்றியும் நீரைக் குறைத்தும் பார்த்தார். மூன்றாவது தார் வந்ததும், அதைப் பழுக்கவிடுவது வீண் என்று தமக்கையார் தீர்மானித்து, காயாகவே வெட்டி, மிளகும் தேங்காயும் அரைத்துப்போட்டுப் பொரியல் செய்தார். அந்த வாழை இன்னும் எங்கள் கிணற்றடியில் இருக்கிறது. பொரியல் வாழை என்றே அதற்குப் பெயராகிவிட்டது.